காலநிலை அறிவியலின் அடிப்படையை இலவச இணையப் படிப்புகள் வழியே கற்பது எப்படி?

காலநிலை மாற்றம் குறித்த இலவச இணையப் படிப்புகளைத் தேடத் தொடங்கும் எவரையும் முதலில் திணறடிப்பது அவற்றின் மிகுதிதான். பல்கலைக்கழகங்கள், ஐக்கிய நாடுகள் அமைப்பின் கிளைகள், தன்னார்வ அமைப்புகள் எனப் பலரும் அவற்றை நடத்துகிறார்கள். ஆனால் தலைப்பில் காலநிலை மாற்றம் என்று இருப்பதாலேயே உள்ளே காலநிலை அறிவியல் இருக்கும் என்று கொண்டுவிட முடியாது. பன்னாட்டு உடன்படிக்கைகள், நிதி ஒதுக்கீடு, நிறுவனங்களின் பொறுப்பு, நகரத் திட்டமிடல் ஆகியவற்றைச் சொல்லித்தரும் படிப்புகள் நிறைய உண்டு; அவற்றில் அறிவியலுக்குக் கிடைப்பது முதல் வாரத்தில் ஒரு வீடியோவும் ஒரு வண்ணப்படமும் மட்டுமாகவே இருக்கக்கூடும். அவற்றையும் ஒருநாள் படிக்கலாம். எனினும், பூமி ஏன் இந்த வெப்பநிலையில் இருக்கிறது, அது ஏன் மாறுகிறது, மாறுகிறது என்பதை எப்படி அறிகிறோம் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் அவற்றுக்குள் நுழைபவரால் பிறர் சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்லத்தான் முடியும்.

ஆகவே எந்தப் படிப்பிலும் சேருமுன் அதன் பாடத்திட்டத்தைத் திறந்து, முதல் சில வாரங்களில் என்னென்ன வருகின்றன என்று பாருங்கள். கதிர்வீச்சு, ஆற்றல் சமநிலை, பசுங்குடில் விளைவு, கார்பன் சுழற்சி ஆகிய நான்கும் அங்கே இருந்தால் அது அறிவியல் படிப்பு. அடுத்ததாக, பயிற்சிகளின் தன்மையைப் பாருங்கள். ‘பின்வருவனவற்றுள் எது பசுங்குடில் வாயு’ என்ற வகை வினாக்கள் மட்டுமே இருக்குமானால், அந்தப் படிப்பை முடித்த பிறகும் உங்கள் அறிவு செய்தித்தாள் வாசிப்பவரின் அறிவிலிருந்து பெரிதும் வேறுபட்டிருக்காது. என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: அந்தப் படிப்பு உங்களைக் கணக்குப் போட வைக்கிறதா? வைக்கிறது என்றால், வீடியோக்கள் பழையவையாக இருந்தாலும், பேராசிரியர் சற்றே சலிப்பூட்டினாலும், அதிலேயே சேருங்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கணக்கு என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. மேல்நிலைப் பள்ளி இயற்பியலும் கணிதமும் போதும். அவையும் மறந்துபோயிருந்தால், பத்தின் அடுக்குகளில் எண்களை எழுதுவது, மடக்கை, படிமூலம் ஆகிய மூன்றை மட்டும் கான் அகாடமி போன்ற இலவசத் தளம் ஒன்றில் ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். நுண்கணிதம் தொடக்க நிலைப் படிப்புகளுக்குத் தேவைப்படுவதில்லை. எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போன்ற ஏதேனும் ஒரு விரிதாள் மென்பொருளில் இரண்டு நெடுவரிசை எண்களைக் கோட்டு வரைபடமாக்கத் தெரிந்திருப்பது நல்லது.

அலகுகளுக்கு மட்டும் தனி நேரம் ஒதுக்குங்கள்; தொடக்கநிலையாளரைத் தடுமாற வைப்பவை பெரும்பாலும் இவையே. ஜூல் என்பது ஆற்றல். வாட் என்பது ஒரு நொடிக்கு எவ்வளவு ஆற்றல் என்பது. காலநிலை அறிவியலில் பெரும்பாலான எண்கள் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்றே வரும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் செறிவு பி.பி.எம். என்ற அலகில், அதாவது பத்து லட்சம் மூலக்கூறுகளில் எத்தனை என்ற கணக்கில், சொல்லப்படும். உமிழ்வைச் சொல்லும்போது சில பாடங்கள் கார்பனின் எடையையும் சில பாடங்கள் கார்பன் டை ஆக்சைடின் எடையையும் குறிப்பிடும். பின்னது முன்னதைப் போல 3.67 மடங்கு, ஏனெனில் மூலக்கூறு எடை 44-ஐ அணு எடை 12-ஆல் வகுத்தால் அதுவே கிடைக்கும். இந்தப் பெருக்கலைக் கவனிக்காமல் இரண்டு பாடங்களின் எண்களை அருகருகே வைத்தால் இரண்டில் ஒன்று பொய் என்றே தோன்றும்.

பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆங்கிலப் பேச்சைப் பின்தொடர்வது கடினமாக இருந்தால் சப்டைட்டிலை இயக்கி, வீடியோவின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். தானியங்கித் தமிழ் மொழிபெயர்ப்பைப் பேச்சின் போக்கைப் பிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள். கலைச்சொற்களில் அது சறுக்கும். ஒரு சிறு குறிப்பேட்டில் சொல், பொருள், அலகு என மூன்று நெடுவரிசை இட்டு எழுதி வந்தால், சில வாரங்களில் அந்தக் குறிப்பேடே உங்கள் அகராதியாகிவிடும்.

எந்தப் படிப்பு?

பலமுறை பரிந்துரைக்கத் தக்கது சிகாகோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஆர்ச்சர் நடத்தும் புவி வெப்பமயமாதல் பாடம். கோர்சேரா தளத்தில் வெளிவந்த இந்தப் படிப்பு அறிவியல் துறையைச் சாராத மாணவர்களுக்காக அவர் வகுப்பறையில் நடத்திய பாடத்திலிருந்து பிறந்தது. ஒரு அடுக்கு வளிமண்டலத்தில் தொடங்கி, படிப்படியாக மெய்யான வளிமண்டலத்துக்கு நகர்வது இதன் முறை. இணையத்திலேயே இயங்கும் கணினி மாதிரிகளை மாணவரே இயக்கிப் பார்க்க வேண்டியிருப்பது இதன் பெரும்பலம். அவற்றைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். ஒரே ஒரு படிப்புக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதையே எடுங்கள்.

வானிலையும் கடலும் எப்படி இயங்குகின்றன என்பதையும் சேர்த்து அறிய விரும்புவோர்க்கு யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித் 2011-இல் வகுப்பறையில் நடத்திய வளிமண்டலம், கடல், சுற்றுச்சூழல் மாற்றம் பற்றிய விரிவுரைத் தொடர் பொருந்தும். இது யேல் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலைப் பாடங்களுள் ஒன்று. பதிவு செய்யாமலேயே முழுவதையும் பார்க்கலாம். நிதானமான வகுப்பு, அவசரப்படுபவர்க்கு ஏற்றதன்று.

எம்.ஐ.டி.யின் திறந்தநிலைப் பாடத் தளத்தில் 12.340 என்ற எண்ணுடன் புவி வெப்பமயமாதல் அறிவியல் என்ற பாடம் இருக்கிறது. புயல்களின் இயற்பியலில் பெயர்பெற்ற கெரி இம்மானுவேல் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். இதில் கணிதம் கூடுதல். முதல் படிப்பாக இதை எடுத்துப் பாதியில் விடுவதைக் காட்டிலும், ஆர்ச்சரின் பாடத்தை முடித்துவிட்டு இரண்டாவதாக எடுப்பதே நல்லது.

எக்சிட்டர் பல்கலைக்கழகம் பியூச்சர்லேர்ன் தளத்தில் நடத்திவந்த படிப்பும், ஐக்கிய நாடுகள் அமைப்பின் சி.சி. லேர்ன் தளத்திலுள்ள அறிமுகப் படிப்புகளும் எளிமையானவை. பின்னதில் சான்றிதழும் இலவசம் என்பதால் பலர் அங்கே செல்கிறார்கள். பொது அறிமுகம் என்ற அளவில் அவை நன்று. கணக்கு அவற்றில் மிகக் குறைவு.

இலவசம் என்ற அறிவிப்பின் கீழ் தளத்துக்குத் தளம் வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. எம்.ஐ.டி., யேல் ஆகியவற்றின் திறந்தநிலைத் தளங்களில் கணக்குத் தொடங்கக்கூட வேண்டியதில்லை. பாடம் என்றும் திறந்தே இருக்கும். கோர்சேரா, எட்எக்ஸ், பியூச்சர்லேர்ன் போன்ற தளங்களிலோ வீடியோக்கள் இலவசமாகவும், மதிப்பீடும் சான்றிதழும் கட்டணத்துக்குரியவையாகவும் இருப்பது வழக்கம். சிலவற்றில் குறிப்பிட்ட வாரங்களுக்குப் பிறகு இலவச அணுக்கம் முடிந்துவிடும். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. எனவே சேரும் பக்கத்தில் கட்டணமின்றிப் பாடத்தைப் பார்க்க மட்டும் அனுமதிக்கும் ‘ஆடிட்’ என்ற தெரிவு இருக்கிறதா என்று தேடுங்கள்; பல தளங்கள் அதைச் சிறிய எழுத்தில், கட்டணப் பொத்தானுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கும். இலவசச் சோதனைக் காலம் என்று கூறிக் கடன் அட்டை எண்ணைக் கேட்டால் அதை இலவசப் படிப்பு என்று எண்ண வேண்டாம். ஒரே பாடம் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்திலோ யூடியூபிலோ தடையின்றிக் கிடைக்கக்கூடும் என்பதால் அங்கேயும் ஒருமுறை தேடிப் பார்ப்பது நலம்.

பதிவான ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2011-ஆம் ஆண்டு விரிவுரையில் சொல்லப்படும் இயற்பியல் இன்றும் அப்படியே நிற்கும், எண்கள் நிற்கா. அப்போது கார்பன் டை ஆக்சைடின் செறிவு 390 பி.பி.எம்.-ஐ ஒட்டி இருந்தது. 2024-இல் அது 424-ஐத் தாண்டிவிட்டது. 2013-ஐ ஒட்டி எடுக்கப்பட்ட சில பாடங்களில் வெப்பமயமாதல் தேங்கி நிற்கிறதா என்ற விவாதத்துக்கு முழு வீடியோவே ஒதுக்கப்பட்டிருக்கும். அடுத்து வந்த ஆண்டுகளின் வெப்பநிலைப் பதிவுகள் அந்தக் கேள்விக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அதைத் தாண்டிச் செல்லலாம்.

முதல் கணக்கு: பூமியின் வெப்பநிலை

எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் வரவிருக்கும் கணக்கு ஒன்று உண்டு. அதை வீடியோவில் பார்த்துத் தலையசைத்துவிட்டு நகராமல், காகிதத்தில் ஒரு முறை முழுதாகப் போட்டுப் பாருங்கள். சூரியனை நோக்கிய ஒரு சதுர மீட்டரில் பூமியின் தொலைவில் விழும் ஆற்றல் ஏறத்தாழ 1361 வாட். பூமி சூரியனுக்கு ஒரு வட்டத்தட்டாகத் தெரிந்தாலும் அந்த ஆற்றல் முழுக் கோளத்தின் பரப்பின் மீதும் பகிரப்படுகிறது; கோளத்தின் பரப்பு தட்டின் பரப்பைப் போல நான்கு மடங்கு என்பதால் 4-ஆல் வகுக்க வேண்டும். மேகங்களும் பனியும் பிறவும் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன, எனவே 0.7-ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது சதுர மீட்டருக்குச் சுமார் 238 வாட்.

உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருந்தால்தான் வெப்பநிலை நிலைத்து நிற்கும். சூடான பொருள் வெளியிடும் கதிர்வீச்சு, கெல்வினில் அளந்த அதன் வெப்பநிலையின் நான்காம் படிக்கு நேர்விகிதமாக இருக்கும் என்பது ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதி. அதன் மாறிலி 0.0000000567. ஆகவே 238-ஐ இந்த மாறிலியால் வகுத்து, வரும் எண்ணுக்கு இருமுறை வர்க்கமூலம் கண்டால் 255 கெல்வின் கிடைக்கும். அது உறைநிலைக்கும் 18 பாகை செல்சியஸ் கீழே. பூமிப் பரப்பின் உண்மையான சராசரியோ 15 பாகையை ஒட்டியது. வளிமண்டல வாயுக்கள் வெப்பத்தைத் தடுத்து வைப்பதால் வரும் இந்த 33 பாகை வேறுபாடுதான் பசுங்குடில் விளைவு. சாதாரணக் கால்குலேட்டரில் சில நிமிடங்களில் முடியும் இந்தக் கணக்கைத் தன் கையால் போட்டவர், பசுங்குடில் விளைவு இல்லாத பூமி எப்படி இருந்திருக்கும் என்பதை இனி எவரிடமும் கேட்டு அறிய வேண்டியதில்லை.

அதே தாளில் அடுத்த கணக்கையும் தொடரலாம். கார்பன் டை ஆக்சைடு கூடும்போது ஆற்றல் சமநிலை எவ்வளவு குலைகிறது என்பதற்குப் பாடங்கள் தரும் எளிய சூத்திரம், புதிய செறிவைப் பழைய செறிவால் வகுத்து, அதன் இயல் மடக்கையை 5.35-ஆல் பெருக்குவது. செறிவு இரட்டித்தால் 5.35 பெருக்கல் 0.693, அதாவது சதுர மீட்டருக்கு 3.7 வாட். 255 கெல்வினில் இருக்கும் பொருள் ஒரு பாகை சூடேறினால் கூடுதலாக வெளியிடுவது 3.76 வாட்; இதையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். ஆகவே வேறெதுவும் மாறாதிருந்தால், செறிவு இரட்டிப்பதால் வரும் வெப்பமயமாதல் ஒரு பாகையை ஒட்டி இருக்கும். நுணுக்கமாகக் கணக்கிட்டால் அதற்குச் சற்று மேல்.

ஆனால் வேறெதுவும் மாறாமல் இருப்பதில்லை. காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். நீராவியும் பசுங்குடில் வாயுவே. பனி உருகினால் எதிரொளிப்பு குறையும். மேகங்கள் மாறும். வெப்பத்தால் தூண்டப்பட்டு வெப்பத்தையே கூட்டவோ குறைக்கவோ செய்யும் இந்தப் பின்னூட்டங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தபின், காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கை தரும் மதிப்பு 3 பாகை, 2.5 முதல் 4 வரை இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறது அது. ஐந்தாவது அறிக்கையில் இந்த வீச்சு 1.5 முதல் 4.5 வரை இருந்தது. காலநிலை அறிவியலில் எது உறுதியானது, எது இன்னும் ஆய்வுக்குரியது என்று கேட்பவர்க்கு நேர்மையான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது: முதல் ஒரு பாகை பாடநூல் இயற்பியல், மீதியில், குறிப்பாக மேகங்களில், இழுபறி தொடர்கிறது.

மாதிரியை நீங்களே இயக்குங்கள்

ஆர்ச்சரின் பாடத்தோடு வரும் மோட்ரான் என்ற கதிர்வீச்சு மாதிரி சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் எவருக்கும் திறந்திருக்கிறது. எதையும் நிறுவ வேண்டியதில்லை. பக்கத்தைத் திறந்ததும் இடப்பக்கம் வாயுக்களின் அளவுகளுக்கான பெட்டிகளும், வலப்பக்கம் அலைவரிசை வாரியான வரைபடமும் தெரியும். 70 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கீழே பார்த்தால் பூமியிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிர்கள் எப்படித் தெரியும் என்பதைத்தான் அந்த வரைபடம் காட்டுகிறது. நடுவே, 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி, ஒரு பெரிய பள்ளம் விழுந்திருக்கும். கார்பன் டை ஆக்சைடு கதிர்களை உறிஞ்சி, குளிர்ந்த மேலடுக்கிலிருந்து குறைவாகவே வெளியிடும் இடம் அது.

இப்போது அந்த வாயுவின் அளவைச் சுழியாக்குங்கள், பள்ளம் மறைந்துவிடும். 10, 100, 400, 800 என ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் மொத்தம் வெளியேறும் ஆற்றலைக் குறித்து வையுங்கள். முதல் சில பி.பி.எம். பெரிய மாற்றத்தைத் தரும். போகப்போக ஒவ்வொரு இரட்டிப்பும் ஏறத்தாழ ஒரே அளவு குறைவையே தரும். மேலே கண்ட மடக்கைச் சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்பது இங்கே கண்கூடாகத் தெரியும். கார்பன் டை ஆக்சைடின் விளைவு எப்போதோ நிறைவடைந்துவிட்டது, இனி எவ்வளவு கூடினாலும் ஒன்றும் ஆகாது என்ற வாதத்துக்கும் இந்த வரைபடமே மறுமொழி: பள்ளத்தின் அடி பெரிதாக ஆழமாவதில்லை, ஓரங்கள் அகன்றுகொண்டே போகின்றன.

பிறகு 400 பி.பி.எம்.-இல் மாதிரியை இயக்கி அந்த முடிவைப் பின்புலமாகச் சேமித்துவிட்டு, செறிவை 800 ஆக்குங்கள். வெளியேறும் ஆற்றல் சில வாட் குறையும். தரையின் வெப்பநிலையைக் கூட்டும் பெட்டியில் சிறிது சிறிதாக எண்ணை ஏற்றி, வெளியேறும் ஆற்றலைப் பழைய மதிப்புக்கே கொண்டுவாருங்கள். தேவைப்பட்ட கூட்டல்தான் அந்த மாதிரியின்படி வெப்பமயமாதல். இதை நீராவியின் அழுத்தம் மாறாமல் ஒருமுறையும், ஈரப்பத விழுக்காடு மாறாமல் ஒருமுறையும் செய்து பாருங்கள். இரண்டாவது முறை கூடுதலான எண் வரும். நீராவிப் பின்னூட்டம் என்று வீடியோவில் கேட்டது இதுதான். 1967-இல் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் இந்த வேறுபாட்டைச் செங்குத்தான ஒற்றைக் காற்றுத்தம்பம் கொண்ட மாதிரியில் கணக்கிட்டார்கள்; கார்பன் டை ஆக்சைடு கூடினால் தரையை ஒட்டிய காற்று சூடேறும், அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலமோ குளிரும் என்றும் அந்த மாதிரி காட்டியது. சூரியன் பிரகாசமாவதால் பூமி சூடேறியிருந்தால் மேலடுக்கும் சேர்ந்தே சூடேறியிருக்க வேண்டும். அளவீடுகள் காட்டுவது குளிர்வையே. மனாபே 2021-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தரவைத் தொட்டுப் பாருங்கள்

அடுத்ததாக, மவுனா லோவா அளவீட்டுக் கோப்பைப் பதிவிறக்கம் செய்யுங்கள். ஹவாயிலுள்ள அந்த எரிமலைச் சரிவில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் தொடங்கிய தொடர் அது; அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா மாதவாரி எண்களை எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகிறது. எண்களுக்குத் தாவுமுன் கோப்பின் தலைப்பிலுள்ள விளக்கத்தை வரிவரியாகப் படியுங்கள். எந்த நெடுவரிசை நேரடி அளவீடு, எது பருவகால ஏற்றத்தாழ்வை நீக்கியது என்பவை அங்கேதான் இருக்கும். 2022 நவம்பரில் எரிமலை வெடித்து நிலையத்தின் பாதை துண்டிக்கப்பட்டபோது, அருகிலுள்ள மவுனா கேயாவில் அளவீடு தற்காலிகமாகத் தொடர்ந்ததும் அங்கே பதிவாகியிருக்கும்.

வரைபடமாக்கியதும் ரம்பப் பற்கள் போன்ற ஏற்ற இறக்கம் தெரியும். ஆண்டுதோறும் மே மாதத்தை ஒட்டி உச்சம். வட அரைக்கோளத்தின் தாவரங்கள் தழைக்கும் மாதங்களில் இறக்கம். பன்னிரண்டு மாதச் சராசரியை நகர்த்திக்கொண்டே போனால் பற்கள் மறைந்து, மேல்நோக்கி வளையும் ஒரு கோடு எஞ்சும். பிறகு பத்தாண்டு வாரியாக ஆண்டுச் சராசரி உயர்வைக் கணக்கிடுங்கள். 1960-களில் அது ஆண்டுக்கு 1 பி.பி.எம்.-க்கும் குறைவு, 2010-களில் 2-க்கும் மேல். இந்த வேறுபாட்டை நீங்களே கண்டுபிடித்தபின், உயர்வின் வேகம் கூடுகிறதா என்பது உங்களுக்கு விவாதப் பொருளாக இராது.

வெப்பநிலைத் தரவில் ஒரு பொறி உண்டு. நாசாவின் தொடர் 1951–1980 சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று சொல்லும்; பிரிட்டனின் ஹாட்கிரட் தொடருக்கு அடிப்படை 1961–1990; ஐ.பி.சி.சி. பெரும்பாலும் 1850–1900-ஐ எடுத்துக்கொள்ளும். எனவே ஒரே ஆண்டுக்கு மூன்று இடங்களில் மூன்று எண்கள் கிடைக்கும். 2024-ஆம் ஆண்டு 1.55 பாகை கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு சொன்னது 1850–1900-ஐ ஒப்பிட்டு. அடிப்படைக் காலம் குறிப்பிடப்படாத வெப்பநிலை எண் எதையும் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம்.

கார்பன் சுழற்சிப் பாடத்தில் நிதானம் தேவை

பலரும் வேகமாகக் கடந்துபோகும் பாடம் இது. குழப்பங்களில் பாதி இங்கேதான் விதைக்கப்படுகிறது. நிலத்தின் தாவரங்களும் கடலும் ஆண்டுதோறும் வளிமண்டலத்தோடு கொடுத்து வாங்கும் கார்பன், மனிதர் உமிழ்வதைப் போலப் பல மடங்கு. இதைக் கேட்டதும், அப்படியானால் மனிதரின் பங்கு அற்பமல்லவா என்ற கேள்வி எழும். கொடுப்பதும் வாங்குவதும் இயற்கையில் ஏறத்தாழச் சமமாக இருந்தன என்பதே விடை. அந்தச் சமநிலையின் மேல் விழும் கூடுதலில் ஏறத்தாழப் பாதியைக் கடலும் நிலமும் உறிஞ்சிக்கொள்கின்றன. மீதி காற்றில் சேர்கிறது. சேர்வது எரிபொருள் கார்பன்தான் என்பதற்குச் சான்று அணுவிலேயே இருக்கிறது: தாவரத்திலிருந்து வந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் கார்பனின் சற்றே கனமான வகையான கார்பன்-13 குறைவு, காற்றிலும் அதன் விகிதம் குறைந்துகொண்டே வருகிறது. எரிதலுக்குச் செலவாகும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைவது அளக்கப்பட்டிருக்கிறது.

இருப்பையும் வரத்தையும் பிரித்தறிவது இதைவிட முக்கியம். குழாயிலிருந்து நீர் விழும் வேகத்தை மேலும் கூட்டாமல் அப்படியே வைத்தால் தொட்டியின் நீர்மட்டம் நின்றுவிடாது. வடிவதைவிட விழுவது கூடுதலாக இருக்கும்வரை ஏறிக்கொண்டே இருக்கும். ஜான் ஸ்டெர்மனும் லிண்டா பூத் ஸ்வீனியும் எம்.ஐ.டி.யின் பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் இதைச் சோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், காற்றிலிருந்து நீங்குவதைவிட உமிழ்வு கூடுதலாக இருக்கும்போதே செறிவை நிலைநிறுத்த முடியும் என்று பெரும்பாலோர் கருதியது தெரிந்தது. அறிவியல் படித்தவர்களுக்கே இந்த நிலை என்பதால், இந்தப் பாடத்தை இரண்டு முறை பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிளைமேட் இன்டராக்டிவ் அமைப்பும் எம்.ஐ.டி. ஸ்லோனும் உருவாக்கிய என்-ரோட்ஸ் என்ற இலவசக் கருவியில் உமிழ்வை வெவ்வேறு வேகத்தில் குறைத்து, செறிவு எப்போது திரும்புகிறது என்று பார்ப்பது நல்ல பயிற்சி.

பனிக்கருப் பாடத்தை இதன் பிறகு பாருங்கள். அண்டார்க்டிகாவில் துளைத்தெடுத்த பனியில் சிக்கிய காற்றுக்குமிழிகள் 8,00,000 ஆண்டுகளின் செறிவைச் சொல்கின்றன. அந்தக் காலம் முழுவதும் அது 300 பி.பி.எம்.-ஐ ஒட்டிய அளவைத் தாண்டவில்லை.

நேரமும் ஒழுங்கும்

வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஒரு படிப்பை இரண்டு மூன்று மாதங்களில் முடிக்கலாம். அந்த நேரத்தில் பாதிக்கு மேல் வீடியோவுக்குக் கொடுக்காதீர்கள். பத்து நிமிட வீடியோவைப் பார்த்து முடித்ததும் அதை மூடிவிட்டு, அதிலிருந்த வாதத்தை நான்கு வரிகளில் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத வராத இடம் புரியாத இடம். ஒரே நேரத்தில் மூன்று படிப்புகளில் சேர்வது, பயன் தராத உற்சாகம். சான்றிதழைப் பொறுத்தவரை, வேலைக்கோ பதவி உயர்வுக்கோ எவரேனும் கேட்டாலன்றி அதற்குப் பணம் செலவிடத் தேவையில்லை என்பதே என் கருத்து.

குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2015-இல் எட்எக்ஸ் தளத்தில் தொடங்கிய, காலநிலை அறிவியல் மறுப்பைப் பற்றிய படிப்பு சுவையானது. ஜான் குக் தலைமையில் உருவான அது, போலி வல்லுநர், தர்க்கப் பிழை, எட்ட முடியாத எதிர்பார்ப்பு, வேண்டியதை மட்டும் பொறுக்குதல், சதிக் கோட்பாடு என மறுப்பின் உத்திகளை ஐந்தாகப் பகுத்துக் காட்டுகிறது. ஆனால் அதை முதலில் எடுக்க வேண்டாம். ஆற்றல் சமநிலையும் கார்பன் சுழற்சியும் தெரியாதவர் அதைப் படித்தால் விவாதத்தில் வெல்லும் ஆசைதான் வளரும். தெரிந்தவர் படித்தால் ஒவ்வொரு வாதமும் எந்த இடத்தில் உடைகிறது என்பது புலப்படும்.

படிப்பு முடிந்தபின்

அடுத்த படி, ஐ.பி.சி.சி.யின் அறிக்கையை நேராகத் திறப்பது. 1988-இல் அமைக்கப்பட்ட இந்தக் குழு புதிய ஆய்வு எதையும் செய்வதில்லை. வெளிவந்த ஆய்வுகளை மதிப்பிட்டுத் தொகுக்கிறது. அதன் ஆறாவது அறிக்கையின் அறிவியல் பகுதி 2021 ஆகஸ்டில் வெளிவந்தது, முழுவதும் இலவசம். முதல் பக்கத்திலிருந்து தொடர்ந்து படிக்க முயல்வோர் விரைவில் களைத்துவிடுவார்கள். கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தையே முதலில் எடுங்கள். அதில் வரும் வாய்ப்புச் சொற்கள் அளவிட்டு வைக்கப்பட்டவை: வாய்ப்பு அதிகம் என்றால் குறைந்தது 66 விழுக்காடு, வாய்ப்பு மிக அதிகம் என்றால் 90, ஏறத்தாழ உறுதி என்றால் 99. சுருக்கத்தின் ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் அது எந்த அத்தியாயத்தின் எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்ற எண் இருக்கும். உங்களுக்கு ஐயம் எழுப்பும் ஒரு கூற்றைத் தேர்ந்து, அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அத்தியாயத்துக்கும், அங்கிருந்து மூல ஆய்வுக் கட்டுரைக்கும் ஒருமுறையாவது போய் வாருங்கள்.

அத்தியாயங்களைப் பொறுத்தவரை, ஆற்றல் சமநிலையும் பின்னூட்டங்களும் ஏழாவதில், கார்பன் சுழற்சி ஐந்தாவதில், கடலும் பனியும் கடல்மட்ட உயர்வும் ஒன்பதாவதில், கடும் வெப்பம், பெருமழை போன்ற உச்ச நிகழ்வுகள் பதினொன்றாவதில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்ற பகுதி எளிய நடையில் இருக்கும். காகிதத்தில் 255 கெல்வின் கணக்கைப் போட்டவர்கள் ஏழாவது அத்தியாயத்தின் முதல் கேள்வியிலிருந்து தொடங்கலாம். அது பூமியின் ஆற்றல் வரவு செலவைப் பற்றியது. இரண்டாவது கேள்வி மேகங்களைப் பற்றியது. எஞ்சிய இழுபறி எங்கே இருக்கிறது என்பதை அது விளக்கும்.